ஏழு விசாரிப்புகள்

"நான் ஒண்ணுமே பண்ணலீங்களே மேடம். அப்புறம் எப்படிங்க கொறையும்?"

ஒரு நாளைக்கு நாற்பது பேராவது நிரஞ்சனாவிடம் இந்தக் கேள்வியைக் கேட்பார்கள். அன்று காலையில் கேட்டவர் பல்லடத்துக்காரர், தறி வைத்திருப்பவர். குரலில் கோபம் இல்லை. செய்யாத தப்புக்கு வாத்தியாரிடம் அடி வாங்கிய பிள்ளையின் திகைப்புதான் இருந்தது.

"நீங்க எதுவும் பண்ணலைங்கய்யா. உங்களைப் பத்தி யாரோ விசாரிச்சிருக்காங்க. வெளியாள் ஒருத்தர் உங்க மதிப்பைத் திறந்து பார்த்தா நாலு புள்ளி குறையும்."

"பாத்தாலே கொறையுமா?"

"ஆமாங்க."

"கண்ணு பட்டா ஆகாதுன்னு எங்கம்மா சொன்னப்ப சிரிச்சேன். நீங்க அதையே கம்ப்யூட்டர் வச்சுச் சொல்றீங்களே!"

நிரஞ்சனாவுக்குச் சிரிப்பு வந்தது. பேச்சு பதிவாகிறது என்பதால் அடக்கிக்கொண்டாள்.

"ஒருத்தரைப் பத்திப் பல பேரு விசாரிக்கிறாங்கன்னா, அவரு பல இடத்துல போய் எதையோ கேட்டு நிக்கறாருன்னு அர்த்தம். அப்ப அவருக்கு ஏதோ நெருக்கடி இருக்கும். அப்படித்தாங்க கணக்கு. ஆனா இது நிலைச்சு நிக்காது. ஒரு வருசம் அப்படியே இருக்கும், அப்புறம் பாதியாகும், ரெண்டு வருசம் முடிஞ்சா இருந்த எடம் தெரியாது."

"விசாரிச்சது யாருன்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

"அதைச் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லைங்க."

ஆளுக்கு ஆள் எவ்வளவு நம்பலாம் என்று புள்ளி போடுகிற, கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் இருந்த அந்த நம்பக நிலையத்தில் அவளுக்குப் பதினோரு வருடம் ஓடிவிட்டது. அவள் சேர்ந்தபோது இது கடன் கொடுக்கிறவர்களுக்கான ஏற்பாடாகத்தான் இருந்தது. பிறகு வீடு வாடகைக்கு விடுகிறவர்கள் பார்த்தார்கள், வேலை கொடுக்கிறவர்கள் பார்த்தார்கள், பெரிய ஆஸ்பத்திரிகள் நோயாளியைப் படுக்கவைப்பதற்கு முன்னால் பார்த்தன. சம்பந்தம் பேசுகிறவர்களும் பார்க்கத் தொடங்கியபோது யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. கேட்டால் குறையும் என்பது மட்டும் எல்லோர் மனதிலும் இறங்கிவிட்டது. கணக்கில் சேராத கேள்விகளைக்கூட ஜனங்கள் மெல்ல மெல்ல விட்டுவிட்டார்கள். லிஃப்டில் பார்த்தால் தலையசைப்பார்கள். எங்கே போகிறாய், ஏன் முகம் வாடியிருக்கிறது, வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்பது நாகரிகக் குறைவாகிவிட்டது.

நிரஞ்சனாவுக்கு அது முதலில் பிடித்திருந்தது. முப்பத்தேழு வயதில் கல்யாணம் செய்துகொள்ளாமல் இருக்கிற பெண்ணுக்கு, யாரும் எதுவும் கேட்காத ஊரைவிட வேறென்ன வேண்டும்? போன வருடம் அம்மா ஊரில் இல்லாத சமயத்தில் ஐந்து நாள் காய்ச்சலில் கிடந்தாள். எதிர்வீட்டுக் கதவு திறப்பதும் மூடுவதும் ஐந்து நாளும் காதில் விழுந்துகொண்டே இருந்தது. ஆறாம் நாள் எழுந்து உட்கார்ந்தபோதுதான், அந்த அமைதி தனக்குக் கிடைத்த சலுகை இல்லை, தன்னை விட்டுவிட்டார்கள் என்பது உறைத்தது. தத்து எடுக்கலாம் என்று நினைத்தது அதற்குப் பிறகுதான். அதுதான் காரணமா என்று தன்னையே கேட்டுப் பார்த்திருக்கிறாள். நேர்மையான பதில் கிடைத்ததில்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் தன் மதிப்பைத் திறந்து பார்த்தாள். தன்னைத் தானே பார்த்துக்கொண்டால் குறையாது. எழுநூற்று இரண்டு. போன மாதம் எழுநூற்று ஆறு.

"என்னடி, சோத்தை வச்சுட்டு அதையே மொறைச்சுட்டிருக்க?" என்றாள் அனீஸா. உக்கடத்துக்காரி. பக்கத்து மேசையிலிருந்து மேற்பார்வையாளராக உயர்ந்த பிறகும் சாப்பிட மட்டும் இங்கேதான் வருவாள்.

"நாலு போயிருக்கு."

"உனக்கா? ஒரு மிக்ஸிகூடத் தவணையில வாங்காதவளுக்கு எப்படிப் போகும்?"

"தெரியல. இதுக்கு முந்தியும் அப்பப்ப நாலு நாலாப் போயிருக்கு. இன்னும் ஒம்பது நாள்ல தத்துக் குழு முன்னாடி போய் நிக்கணும்."

"எழுநூறு இருந்தாப் போதும்னுதானே சொன்ன? ரெண்டு மேலேயே இருக்கே."

"அவங்க என்னைத் திறந்து பாக்கறதும் ஒரு விசாரிப்புதான் அனீஸ். பாத்த நிமிசமே நாலு போயிரும். அவங்க கண்ணுல படறது அறுநூத்துத் தொண்ணூத்தெட்டு."

அனீஸா கரண்டியைக் கீழே வைத்தாள். "பாக்கறதாலேயே அவங்களுக்கு நீ ஆகாதவளாயிருவ. நல்லாருக்குடி நம்ம கடை. தேதியைத் தள்ளி வைக்கச் சொல்லு."

"இருபது நாள் தள்ளினாலே போதும். பழசு ஒண்ணுக்கு ஒரு வருசம் முடியுது, ரெண்டு புள்ளி திரும்பி வரும். ஆனா தள்ளிட்டா தாரிகா வரிசையில அடுத்த ஆளுக்குப் போயிருவா. மதுரைக்காரங்க ஒரு ஜோடி காத்திருக்காங்க."

தாரிகாவுக்கு ஐந்து வயது. நிரஞ்சனா மூன்று சனிக்கிழமை குழந்தைகள் இல்லத்துக்குப் போய்ப் பார்த்திருக்கிறாள். முதல் தடவை அவள் பேசவே இல்லை. இரண்டாம் தடவை, நிரஞ்சனா கதை சொல்வது சரியில்லை என்று தானே சொல்லிக் காட்டினாள். மூன்றாம் தடவை வாசல்வரை வந்து, "அடுத்த வாரம் நீதான வருவ? வேற ஆளை அனுப்ப மாட்டல்ல?" என்று கேட்டாள். எல்லோரும் கேள்வியை மறந்துவிட்ட ஊரில் அந்த ஒரு குழந்தை மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

"விசாரிச்சது யாருன்னு என்னாலயும் பாக்க முடியாது. எதுக்குன்னு பாக்கலாம்" என்றாள் அனீஸா. நிலையத்து ஆட்கள் பார்த்தால் கணக்கில் வராது. கைக்கணினியைத் தட்டியவள் புருவத்தைச் சுருக்கினாள். "பதினாலு மாசத்துல ஏழு. ஏழும் ஒரே காரணந்தான்."

"என்ன?"

"திருமணம்." அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஏழு மாப்பிள்ளை பாத்திருக்க. எனக்கு ஒரு வார்த்தை சொன்னியாடி பாவி?"

நிரஞ்சனா சிரிக்கவில்லை. வெளியாள் அவள் மதிப்பைத் திறக்க வேண்டுமானால் தேவைப்படுகிற அனுமதி எண் அவளைத் தவிர ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். குடல்வால் அறுவைக்குத் தன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, அவசரத்துக்கு இருக்கட்டும் என்று அவளேதான் எழுதிக் கொடுத்தாள்.

வீட்டில் அம்மா சாந்தாமணி கட்டிலில் உட்கார்ந்து ஒரு சின்னத் தலையணை உறைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, என்னோட நம்பரை யாருக்காவது குடுத்தியா?"

ஊசி நிற்கவில்லை. பொய் சொல்லத் தெரியாதவர்களுக்கு அந்த மாதிரி நேரத்தில் கைவேலைதான் துணை.

"தரகர் கேட்டாரு."

"எத்தனை பேத்துக்குக் குடுத்தே?"

"ஏழு எடம். எல்லாம் நல்ல எடந்தான் அம்மிணி. ஒருத்தரு பொள்ளாச்சில காலேஜ் வாத்தியாரு, சம்சாரம் தவறிப்போச்சு. இப்பெல்லாம் நம்பரு இல்லாம ஜாதகத்தைக் கையிலகூட வாங்க மாட்டீங்கறாங்க."

"வேண்டாம்னு நான் சொல்லி எத்தனை வருசமாச்சும்மா?"

"சொன்னே. நீ சொல்லுவே." சாந்தாமணி இப்போதுதான் நிமிர்ந்தாள். "புள்ளையைக் கூட்டியா, நான் வேண்டாங்கல. உறை தெச்சிட்டுத்தான இருக்கறேன்? அந்தப் புள்ளைக்கு நீ இருக்கறே. உனக்கு யாரு இருக்கறா? நான் எத்தனை நாளைக்கு?"

நிரஞ்சனா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பல்லடத்துக்காரரிடம் சொன்னதையெல்லாம் முதலிலிருந்து சொன்னாள். அதே வார்த்தைகள். அம்மாவிடம் சொல்லும்போது அவை வேறு யாரோ எழுதிக் கொடுத்தவை மாதிரி வாயில் ஒட்டாமல் வந்தன. எழுநூறு, அறுநூற்றுத் தொண்ணூற்றெட்டு, ஒன்பது நாள். சாந்தாமணியின் முகம் வெளிறிக்கொண்டே போனது.

"பதினாலு நாளுக்குள்ள ஏழு பேத்துக்கும் குடுத்திருந்தாக்கூட ஒண்ணாத்தான்மா கணக்கு வச்சிருப்பாங்க. ஒரே காரியத்துக்காக எத்தனை பேரு பாத்தாலும், அந்தப் பதினாலு நாளுக்குள்ளன்னா, மொத்தமே நாலு புள்ளிதான்."

"ஒரே சமயத்துல ஏழு எடத்துக்கா?" அம்மாவுக்கு எல்லாவற்றையும்விட அதுதான் அதிர்ச்சியாக இருந்தது. "ஒரு வீட்டுல குடுத்துப்போட்டு, அவிய வேணும் வேண்டாம்னு வாயைத் தொறக்கறதுக்கு முந்தி இன்னொரு வீட்டுக்குக் குடுப்பாங்களா? தெரிஞ்சா காறித் துப்ப மாட்டாங்க? பொண்ணு என்ன மாட்டுச் சந்தையிலயா நிக்குது? ஒவ்வொரு எடமும் பதில் சொல்ற வரைக்கும் பொறுத்திருந்துதான் அடுத்த எடத்துக்குக் குடுத்தேன். ஒரு வீட்டுல மூணு மாசம் இழுத்தாங்க. அப்பவும் பொறுத்தேன்."

கடை கடையாக ஏறி விலை கேட்கிறவனுக்காக யாரோ யோசித்து எழுதிய விதி அது. ஏழு வீட்டு வாசலிலும் ஒரே நாளில் மகளின் எண்ணை வீசிவிட்டு வந்திருந்தால் போனது நான்கோடு நின்றிருக்கும். மரியாதையாக ஒவ்வொரு வீடாகக் காத்திருந்ததற்கு, பழசு இரண்டு பாதியாகிவிட்ட பிறகும், விலை இருபத்து நான்கு புள்ளி. இப்படியும் ஒரு தாய் காத்திருப்பாள் என்று அந்த விதியை எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்காது. பதினோரு வருடமாக அதை ஊருக்கு விளக்கிச் சொன்னவளுக்கே தோன்றவில்லை.

"ஏழு வீட்டுலயும் என்ன சொன்னாங்க?" கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் கேட்டாள்.

"முதல் ரெண்டு எடம் வயசுன்னாங்க. அப்புறம் வந்தவிய..." சாந்தாமணி நூலைப் பல்லால் கடித்தாள். "இத்தனை பேரு விசாரிச்சுட்டு விட்டிருக்காங்களே, பொண்ணுகிட்ட என்ன கொறைன்னு கேட்டாங்க."

சாந்தாமணி உறையை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இதை எடுக்க வழியே இல்லையா? நீதான அங்க வேல பாக்கறே."

வழி இருந்தது. சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் சொல்லிவிட்டாள். தன் அனுமதி இல்லாமல் எண் கொடுக்கப்பட்டது என்று புகார் எழுதினால் ஏழும் அழிந்துவிடும். ஆனால் கொடுத்தவர் பெயரில் குறி விழும். ஏழு வருடத்துக்கு அவருக்கு மதிப்பே கிடையாது. குறி விழுந்தவர் இருக்கிற வீட்டில் தத்துப் பிள்ளையை விடமாட்டார்கள்.

"எழுது" என்றாள் சாந்தாமணி.

"எழுத மாட்டேன்."

"நான் பண்ணுன வேலைக்கு அந்தப் புள்ள எதுக்கு மதுரைக்குப் போகோணும்? எழுது."

"எழுத மாட்டேம்மா. பேசாம சாப்பிடு."

அதற்கப்புறம் வந்த நாட்களில் நிரஞ்சனா தன் கோபத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். அது வேண்டியிருந்தது. அது இருந்தால் எழுதிவிடலாம். என் வாழ்க்கையை எனக்குத் தெரியாமல் ஏழு வீட்டுத் தாழ்வாரத்தில் கொண்டுபோய் வைத்தவள் என்று மனதுக்குள் சொல்லிப் பார்ப்பாள். கோபம் எழும்பும். உடனே, மூன்று மாதம் ஒரு போன் வருமா என்று யாரிடமும் சொல்லாமல் காத்திருந்த அம்மாவின் முகம் குறுக்கே வரும், எல்லாம் தணிந்துவிடும். அவளை இவ்வளவு விடாமல் விசாரித்த ஒரே ஆள் அம்மாதான். அதைத்தான் குற்றம் என்று எழுதச் சொல்கிறார்கள்.

சனிக்கிழமை இல்லத்துக்குப் போனாள். தாரிகா அவள் மடியில் ஏறி உட்கார்ந்து, "உங்க வீட்ல நான் எந்தப் பக்கம் படுக்கணும்? சொவரு பக்கமா?" என்று கேட்டாள்.

"உனக்கு எந்தப் பக்கம் வேணும்?"

"சொவரு பக்கம் வேண்டாம். நீ எந்திரிச்சுப் போனாத் தெரியாது."

திங்கட்கிழமை, எல்லோரும் தேநீருக்குப் போயிருந்த நேரத்தில், நிரஞ்சனா படிவத்தைத் திறந்தாள். அந்தப் படிவத்தை நிரப்ப எத்தனையோ பேருக்கு உதவியிருக்கிறாள். எண்ணைக் கொடுத்தவர் பெயர்: சாந்தாமணி. உறவு: தாய். கடைசிக் கேள்வி, கெட்ட எண்ணத்தோடு செய்தாரா? இல்லை என்று குறித்தால் முப்பது நாள் விசாரணை நடக்கும். ஆம் என்று குறித்தால் அன்றே அழிந்துவிடும்.

தேநீருக்குப் போனவர்களின் சிரிப்புச் சத்தம் படிக்கட்டில் கேட்கத் தொடங்கியிருந்தது. ஆம் என்று குறித்தாள். அந்தச் சமயத்தில் அவள் மனதில் கோபம் துளிக்கூட இல்லை. அதுதான் பிறகு நினைக்கும்போதெல்லாம் அவளைக் கூசவைத்தது.

வீட்டுக்குப் போனபோது கூடத்தில் ஒரு பெட்டியும் ஒரு கட்டைப்பையும் இருந்தன.

"அனுப்பீட்டயா?"

"எப்படித் தெரியும்?"

"நேத்தே உன் மூஞ்சியில எழுதியிருந்துச்சு." சாந்தாமணி சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டாள். "தாராபுரத்துல ஒரு விடுதி இருக்குது. குறி விழுந்தவியளையும் சேத்துக்கறாங்க. போன வாரமே கேட்டு வச்சேன். வந்து பாக்கறவிய பேரைப் பொறுப்பாளர்னு எழுதிக்குவாங்களாமே. அப்படி எழுதுனா உனக்குக் கொறையுமா?"

"முப்பது போகும்."

"அப்ப வராத. போனும் பண்ணாத. தத்துக் குடுக்கறவிய உன்னை எத்தனை நாளைக்குக் கண்காணிப்பாங்க?"

"ரெண்டு வருசம். அதுக்குள்ள எழுநூறுக்குக் கீழ போனா புள்ளையைத் திரும்ப எடுத்துக்குவாங்க."

"ரெண்டு வருசந்தான? ஓடிப்போயிரும்."

"உன்கிட்டக் கேட்டுட்டு அனுப்பியிருக்கணும்மா."

"கேட்டிருந்தா நான் அழுதிருப்பேன். அப்புறம் நீ அனுப்பியிருக்க மாட்டே." சாந்தாமணி கட்டைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "ஆட்டோவக் கூப்பிடு அம்மிணி, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

குழுவின் முன்னால் அவளுக்கு மொத்தம் பத்து நிமிடம்தான் ஆனது. எழுநூற்று இருபத்தாறாக இருந்தது, அவர்கள் பார்த்ததும் எழுநூற்று இருபத்திரண்டு ஆனது. தலைவி அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பரவாயில்லை, உங்களை அதிகம் பேர் விசாரிக்கவே இல்லையே. அமைதியான வாழ்க்கை" என்று பாராட்டினார். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். யாருமில்லை என்று நிரஞ்சனா சொன்னாள். அது உண்மையாகவும் இருந்தது.

தாரிகா வந்து ஆறு வாரம் ஆகிவிட்டது. சுவர்ப் பக்கம் நிரஞ்சனா படுத்தாள், வெளிப்பக்கம் தாரிகா. காலையில் எழுந்ததிலிருந்து கேள்விதான். தோசை ஏன் வட்டம், அந்த மாமா ஏன் நம்மகிட்ட பேசறதில்ல, இந்த அலமாரி ஏன் காலியா இருக்கு. எல்லாவற்றுக்கும் நிரஞ்சனா பதில் சொன்னாள், காலி அலமாரியைத் தவிர.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தாரிகாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. தெரியாத எண்.

"வணக்கங்க மேடம். தாராபுரத்துல பெண்கள் விடுதியிலிருந்து பேசறேன். வார்டனுங்க. இங்க சாந்தாமணின்னு ஒரு அம்மா இருக்காங்க. நேத்து தலை சுத்துதுன்னு அப்படியே உக்காந்துட்டாங்க. டாக்டர் பாத்துட்டாரு, பயப்பட ஒண்ணுமில்ல. சேர்றப்ப யாருமில்லைன்னு எழுதியிருக்காங்க. ஆனா அவங்க மாத்திரை டப்பாவுல ஒரு சீட்டுல இந்த நம்பர் இருந்துச்சு. நீங்க அவங்களுக்கு என்ன வேணுங்க?"

நிரஞ்சனாவின் எச்சில் கை சோற்றுக்கு மேலே நின்றது. எழுநூற்று இருபத்திரண்டில் முப்பது போனால் எவ்வளவு என்று அவள் நினைக்கக்கூட வேண்டியதில்லை. அது எந்த நேரமும் மனதில் ஓடிக்கொண்டிருக்கிற கணக்கு.

"மேடம்? சொன்னீங்கன்னா பொறுப்பாளர்னு பதிஞ்சுக்குவேன்."

"யாரு போன்ல?" என்றாள் தாரிகா, வாய் நிறையச் சோற்றோடு.

"எனக்குத் தெரியாதுங்க" என்றாள் நிரஞ்சனா. அலுவலகத்தில் பேசுகிற குரல், எந்த மேடுபள்ளமும் இல்லாதது. "நம்பர் மாறியிருக்கும்."

"அப்படீங்களா. சரிங்க மேடம், தொந்தரவு குடுத்துட்டேன். அவங்களும் அதையேதான் சொல்றாங்க. யாரு நம்பர்னே தெரியாதாம்."

இதோடு வைத்துவிட வேண்டும். சம்பந்தமில்லாத ஒருத்தி என்றால் இந்நேரம் வைத்திருப்பாள். நிரஞ்சனா போனைக் காதிலிருந்து எடுக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"இருங்க."

"சொல்லுங்க மேடம்."

"அவங்க... சாப்பிட்டாங்களா?"

அந்தப் பக்கம் எங்கோ தட்டுகளை அடுக்கும் ஓசை மட்டும் கேட்டது.

"இப்பத்தான் சாப்பிட்டாங்க, கண்ணு. ரசஞ்சோறு. நான் பக்கத்துல உக்காந்துதான் சாப்பிட வச்சேன்" என்றார் வார்டன். பிறகு குரலைக் கொஞ்சம் தணித்து, "நம்பர் மாறிருச்சுன்னே எழுதிக்கறேன்" என்றார்.